வெள்ளிப் பதக்கமும் செங்கல் சூளையும்

போன வாரம் எங்கள் காட்டூரில் எதிர் வீட்டு அம்மாள் கையில் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது, அவள் குடிக்கவில்லை. "அக்கா, ஒரு யோசனை கேட்கணும்" என்றாள். நம்மவர்கள் இப்படி ஆரம்பித்தால் ஒன்று நகைச் சீட்டு விஷயமாக இருக்கும், இல்லாவிட்டால் வரன் விஷயமாக இருக்கும். இது இரண்டும் இல்லை.

அவள் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஓட்டத்தில் கெட்டிக்காரி. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பறக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், விடியற்காலையில் அவள் ஓடுவதை நானும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இப்போது மாவட்டத்தைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்திருக்கிறதாம். "அனுப்பட்டுமா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி.

"உன் மாமியார் என்ன சொல்கிறார்?"

"வெயிலில் கறுத்துப் போயிடுவாளாம். கறுத்தா கறுக்கட்டும் அக்கா, எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் புதுக்கோட்டைப் பொண்ணு ஞாபகம் வருது. ஓடி ஜெயிச்ச பிறகு, 'நீ பொண்ணே இல்லை'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே!"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து, படித்துப் பார்த்து, இந்த வாரம் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இந்த மாதிரிக் கதை என்றால் மேல்நாட்டில் எல்லோரும் தோன்யா ஹார்டிங் பெயரைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் பனிச் சறுக்கு நடனக்காரி. ஏழை வீட்டுப் பெண். மற்றப் பெண்கள் விலையுயர்ந்த உடையில் வந்தபோது, அம்மா தைத்துக் கொடுத்த உடையில் ஆடியவள். 1991இல் அந்த நாட்டின் சாம்பியன் ஆனாள். காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுழன்று இறங்கும் ஒரு தாவல் உண்டு. அதைப் போட்டியில் செய்து காட்டிய முதல் அமெரிக்கப் பெண் அவள்தான். 1994 ஜனவரியில் போட்டிக்காரி நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தடியால் அடித்தான். அடிக்க ஏற்பாடு செய்தவர்களில் தோன்யாவின் முன்னாள் கணவனும் ஒருவன். விசாரணைக்கு இடையூறு செய்ததாகத் தோன்யா கோர்ட்டில் ஒப்புக்கொண்டாள். அந்த வருஷத்துப் பட்டம் போயிற்று. ஆயுள் முழுக்கத் தடையும் வந்தது. பிற்பாடு பிழைப்புக்குக் குத்துச்சண்டை மேடை ஏறினாள்.

பரிதாபமான கதைதான். ஆனாலும் அதில் ஒரு குற்றம் இருந்தது, கோர்ட்டு இருந்தது, தீர்ப்பு இருந்தது. நமக்கு 50 கிலோ மீட்டர் சொச்சத்தில், புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த ஒரு பெண்ணின் கதையில் குற்றமே கிடையாது. தண்டனை மட்டும் இருந்தது.

சாந்தி சௌந்திரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981இல் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்துக் குடும்பம். அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைக் கூலிகள். வெளியூர்ச் சூளைக்கு அவர்கள் போய்விட்டால், தம்பி தங்கைகள் நான்கு பேரையும் பார்த்துக்கொள்வது மூத்தவளான சாந்தியின் பொறுப்பு. பத்து வயதிலேயே தாயாகிவிடும் மூத்த பெண்களை நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! அந்த வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். அவரும் ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர். குடிசைக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்தியை ஓடவைத்துப் பழக்கினார். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். பேத்தி ஓடுவதற்கு ஷூ வாங்கிக் கொடுத்த தாத்தா! எதிர் வீட்டு மாமியார் இதைப் படித்தால் தேவலை.

எட்டாம் வகுப்பில் முதல் பந்தயம், முதல் கோப்பை. பிறகு வரிசையாகக் கோப்பைகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் ஒருவர் இதைக் கவனித்துத் தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். சம்பளம் இல்லாத படிப்பு, உடுத்தச் சீருடை, மத்தியானம் சூடான சாப்பாடு. மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். பதக்கம், பாரதம், பெருமை என்றெல்லாம் நாம் பேசுகிறோம். அந்தப் பெண் ஓடியதற்கு முதல் காரணம் சோறு.

புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னை. 2005இல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. மறு வருஷம் டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய விளையாட்டு.

800 மீட்டர் என்பது மைதானத்தை இரண்டு சுற்று. முதல் வளைவு வரையில் அவரவர் கோட்டில் ஓட வேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும் உள்பக்கம் நெருங்கி வந்து முட்டி மோதிக்கொண்டு ஓடுவார்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிற மாதிரியான பந்தயம் இது. முதல் சுற்றில் தீயைக் கூட்டிவிட்டால் பொங்கி வழிந்துவிடும், இரண்டாவது சுற்றுக்கு மூச்சு மிஞ்சாது. குறைத்துவிட்டால் மற்றவர்கள் போய்விடுவார்கள். அன்றைக்குச் சாந்தி ஓடிய நேரம் 2 நிமிஷம் 3.16 விநாடி. அடுத்து வந்த கஜகஸ்தான் பெண் விக்டோரியா யாலோவ்ட்செவாவை விட 0.03 விநாடி முந்தி. கண்ணை ஒரு தடவை இமைக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை! ஆசிய விளையாட்டில் வெள்ளி.

மறு நாள் ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். என்ன பரிசோதனை, எதற்கு என்று விளங்கும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றி வைத்தியர்கள், தமிழ் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லை. பிற்பாடு பல பேட்டிகளில் சாந்தியே இதைச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாம் ஒரு டாக்டரம்மாவிடம் போவதென்றாலே கூட ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறோம். வெளிநாட்டில், பாஷை தெரியாத இடத்தில், இருபத்தைந்து வயதுப் பெண் தனியாக.

ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாளில், பெண்ணுக்கான சோதனையில் அவர் தேறவில்லை என்று தொலைக்காட்சியில் சேதி வந்தது. போட்டியில் இனி ஓட முடியாது என்று போனில் சொல்லப்பட்டது. பதக்கமும் போயிற்று. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய வைத்தியக் குறிப்பை அவளுக்கு உட்காரவைத்துச் சொல்வதற்கு முன்னால் உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான். விதி என்று ஒன்று இருக்கலாம். ஒரு வீட்டுப் பெண்ணிடம் இப்படியா நடந்துகொள்வது?

இந்தச் சோதனை என்பது என்ன? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதிர் வீட்டு அம்மாளுக்குப் பதில் சொல்ல முடியாது. 1966இல் புடாபெஸ்ட் நகரத்தில் ஐரோப்பியப் போட்டி நடந்தபோது, பெண்களை வரிசையாக டாக்டர்கள் முன்னால் ஆடையில்லாமல் நிறுத்தினார்கள். அந்த அவமானம் போதும் என்று, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துக் க்ரோமோசோமைப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் படித்ததுதான். ஆனால் பிறவி அப்படிக் கணக்காக எல்லோருக்கும் அமைந்துவிடுவதில்லை. சில பெண்களுக்கு ஒய் க்ரோமோசோம் இருக்கும். ஆண்மைச் சுரப்பு நீரும் உடம்பில் ஊறும். ஆனால் உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. தபால்காரர் கடிதத்தோடு வாசலில் நிற்கிறார், உள்ளே யாரும் கதவைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் குழந்தை பெண்ணாகவே பிறக்கிறது, பெண்ணாகவே வளர்கிறது. பாவாடை தாவணியோடு கோலம் போட்டுக்கொண்டு, தான் பெண் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் இல்லாமல் வாழ்கிறது. பெற்றவளுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. வேறு சிலருக்குக் கதவு பாதி திறக்கும், சிலருக்கு முழுசாகத் திறக்கும். இதில் நூறு விதம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டுப் பெண்கள் இந்தச் சோதனையில் தவறினார்கள். எட்டுப் பேரையும் ஓட அனுமதித்தார்கள். 1999இல் ஒலிம்பிக் கமிட்டியே எல்லோருக்கும் சோதனை என்ற வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. சந்தேகம் என்று யாராவது கை நீட்டினால் மட்டும் சோதிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். சாந்தி அகப்பட்டுக்கொண்டது அந்தக் கையில்.

அவர் உடம்பில் என்ன, எப்படி என்று பத்திரிகைகள் அப்போது பக்கம் பக்கமாக எழுதின. நான் அதை எழுதப் போவதில்லை.

ஸ்பெயின் தேசத்து மரியா ஹோஸே மார்த்தினஸ் பத்தீன்யோ என்ற தடை தாண்டும் ஓட்டக்காரியின் சங்கதியையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு 'இவள் பெண்தான்' என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ரேஷன் கார்டு மாதிரி அதைப் போட்டிக்குப் போட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1985இல் ஜப்பானின் கோபே நகரத்துக்குப் போனபோது அவர் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டார். மறுபடியும் சோதித்தார்கள், ஒய் க்ரோமோசோம் தெரிந்தது. காலில் அடிபட்டதாகப் பாசாங்கு செய்துவிட்டு ஊர் திரும்பச் சொன்னார்கள். ஊரில் விஷயம் வெளியே வந்ததும் உபகாரச் சம்பளம் போயிற்று, பழைய சாதனைகளை அழித்தார்கள், நிச்சயம் செய்திருந்தவனும் விட்டுப் போனான். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. டாக்டர்களைத் திரட்டிக்கொண்டு வாதாடினார். தன் உடம்பில் அந்த நீர் வேலையே செய்யவில்லை என்று நிரூபித்தார். 1988இல் மறுபடியும் ஓட அனுமதி வந்தது. ஆனால் அதற்குள் காலின் பருவம் போய்விட்டதே!

பத்தீன்யோவுக்குப் பேசத் தெரிந்த டாக்டர்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு 2009இல் பெர்லினில் தங்கம் வாங்கிய கையோடு இதே தொல்லை வந்தபோது, ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஜனங்கள் திரண்டு வந்து ஆடிப்பாடி வரவேற்றார்கள். தங்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. சாந்திக்கு?

நம் மாநிலம் முற்றிலும் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் பாவம். அப்போது முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி 15 லட்ச ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பதக்கத்தைப் பறித்த பிறகும் பரிசைக் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் பதக்கத்துக்காக வாதாட யாரும் வழக்குப் போடவில்லை. தெருவில் பார்க்கிறவர்களின் பார்வைக்குப் பணம் மருந்தில்லை. 2007இல் உயிரே வேண்டாம் என்ற நிலைக்குப் போய்விட்டார் சாந்தி. நல்ல வேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் எதிர் வீட்டு அம்மாளுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தவர், புதுக்கோட்டையில் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடப் பழக்க ஆரம்பித்தார். கையில் இருந்த பரிசுப் பணம் அந்தக் குழந்தைகளுக்குச் செலவாயிற்று. இரண்டு வருஷத்தில் அறுபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் சென்னை மாரத்தானில் பரிசும் வாங்கினார்கள். ஓடக்கூடாது என்று சொல்லப்பட்டவர் மற்றவர்களை ஓடவைத்தார்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பயிற்சியாளர் வேலை ஒப்பந்த வேலை. மாதம் 5,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? 2012இல் பத்திரிகைகளில் ஒரு படம் வந்தது. ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியவர் செங்கல் சூளையில் நின்றுகொண்டிருந்தார், நாள் கூலி 200 ரூபாய்க்கு. அப்பாவும் அம்மாவும் மண் சுமந்த அதே வேலை. இத்தனை வருஷம் ஓடி எங்கே கிளம்பினாரோ அங்கேயே வந்து நின்றார்.

அந்தப் படம் வந்த பிறகுதான் டில்லியில் கொஞ்சம் அசைவு தெரிந்தது. பெங்களூரில் பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது. ஒழுங்காகப் படித்துத் தேறினார். 2016இல் தமிழ்நாட்டு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவருக்கு நிரந்தரமான பயிற்சியாளர் உத்தியோகம் கொடுத்தது. தோஹாவுக்குப் பத்து வருஷம் கழித்து. வெள்ளிப் பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் ஒடிஸாவிலிருந்து ஒரு நெசவாளி மகள் வந்தாள். பெயர் த்யுதி சந்த். 2014இல் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப இருந்தவளை, உடம்பில் ஆண்மைச் சுரப்பு அதிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். இந்தத் தடவை நம்மவர்கள் பாடம் படித்திருந்தார்கள். கூட நிற்க ஆள் இருந்தது, வக்கீல் இருந்தார், இந்திய விளையாட்டு ஆணையமும் ஆதரவாக நின்றது. ஸ்விட்ஸர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்கே போனாள். 2015 ஜூலையில் அந்த விதியை நிறுத்தி வைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினாள்.

எதிர்க் கட்சியின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்துக் கோட்டில் ஓடுகிற பெண்ணும் ஒரு தாய் பெற்ற பெண்தான். அவளும் நாலு மணிக்கு எழுந்தவள்தான். 'எனக்கு இல்லாத ஒரு பலம் அவளுக்கு இருக்கிறதே' என்று அவள் கேட்டால் அது பொறாமை என்று தள்ளிவிட முடியாது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. உலகத் தடகளச் சங்கம் 2025 செப்டம்பர் 1 முதல் புது விதி கொண்டுவந்திருக்கிறது. உலகத் தரவரிசைக்குக் கணக்காகும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால், ஆயுளில் ஒரு தடவை ஒரு மரபணுச் சோதனை. கன்னத்திலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுப்பார்கள். முன்பு கைவிட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று டாக்டர்களும் வக்கீல்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் நடுவில் போகவில்லை. எல்லோருக்கும் பொதுவாக, ரகசியமாக, முன்கூட்டியே செய்தால் ஒரு சாந்தியைத் தனியாக விரல் நீட்டிக் காட்டும் கொடுமையாவது குறையலாம். ரகசியமாகச் செய்வார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொரு விஷயம் சொல்லாவிட்டால் திருச்சிக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். மணிகண்டம் பக்கத்தில் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில், அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். திருச்சியே கொண்டாடியது. தான் சாப்பிட வேண்டும் என்பதற்காக அப்பா மாட்டுக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்டார் என்று அவர் சொன்னதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. அதைப் பார்க்க அந்த அப்பா உயிரோடு இல்லை. பிறகு, தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து உடம்பில் இருந்தது என்று சொல்லித் தங்கத்தைப் பறித்து, நாலு வருஷத் தடையும் போட்டார்கள். தான் அறிந்து எதுவும் எடுக்கவில்லை என்றார் அவர். இது வேறு சோதனை, வேறு விஷயம். சாந்தியோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. ஆனால் ஒன்று எனக்கு உறைத்தது. நம் பக்கத்திலிருந்து போன இரண்டு பெண்களும் எல்லாவற்றையும் தனியாகவே பார்த்துக்கொண்டார்கள். சத்து மாத்திரை என்று ஒருவர் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லவும், காகிதத்தில் கையெழுத்துப் போடு என்றால் அதைத் தமிழில் விளக்கவும் நம் வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

இவ்வளவையும் எதிர் வீட்டு அம்மாளிடம் சொன்னேன். மாநிலப் பந்தயத்தில் மரபணுச் சோதனை எதுவும் கிடையாது என்றதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அனுப்பு. ஆனால் பெரிய போட்டி வரைக்கும் போனால், முன்னாலேயே ஒரு நல்ல டாக்டரம்மாவிடம் நீயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. யாராவது வந்து எந்தச் சோதனைக்குக் கூப்பிட்டாலும், 'எதற்கு, என் பாஷையில் சொல்லுங்கள், என் அம்மாவோ டீச்சரோ கூட இருக்கணும்' என்று கேட்கச் சொல்லிக் கொடு. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம்" என்றேன்.

"மாத்திரை?"

"பயிற்சியாளர் கொடுத்தாலும், பக்கத்து வீட்டு நான் கொடுத்தாலும், அட்டையைப் படிக்காமல் வாயில் போடக்கூடாது. இருமல் மருந்து கூட."

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். மறு நாள் சாயங்காலம் பார்த்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'ஜுரம், அரை மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்தது' என்று எழுதியிருக்கிறாள். மாட்டுப் பொங்கலுக்கு வாங்கிய பழைய ஷூ கிழிந்துவிட்டதாம். புதிதாக எந்தக் கடையில் வாங்கலாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.